இரண்டு நாளுக்கு ஒரு மூட்டை

சித்திரை பிறந்துவிட்டால் பங்காருப்பேட்டை, பேத்தமங்கலம் பக்கத்துக் கிராமத்து ரோடுகளில் தார்ப்பாய் கட்டிய லாரிகள் வரத் தொடங்கும். லாரி கண்ணில் படுவதற்கு முன்பே வாடை வந்துவிடும். மூக்கைச் சுண்டும் அம்மோனியா, அதற்கடியில் புளித்த தவிட்டு நாற்றம். கன்னடத்தில் 'கோளி கொப்பர', நமக்குக் கோழி எரு. தக்காளி நடப்போகும் கொல்லையின் வரப்போரம் கொட்டிவிட்டு லாரி திரும்பிவிடும். குவியல் பத்து நாளும் கிடக்கும், ஒரு மாதமும் கிடக்கும். குச்சியால் கிளறினால் உமி, இறகு, வெள்ளை பூத்த உருண்டைகள், நடுவில் கை வைக்க முடியாத சூடு. கோடை மழை ஒன்று அடித்தால் போதும், அடியிலிருந்து டிகாக்‌ஷன் நிறத்தில் ஒரு நீர் கசிந்து, வரப்பு உடைந்த இடமாகப் பார்த்து வாய்க்காலில் இறங்கும். வாய்க்கால் ஏரிக்குப் போகிறது.

அந்த டிகாக்‌ஷனில் என்ன இருக்கிறது, அதை எங்கே நிறுத்தலாம் என்பதுதான் கேள்வி.

கோழி எருவில் பயிருக்கு வேண்டிய இரண்டு பெரிய சத்துகள் உண்டு. ஒன்று நைட்ரஜன். அது நிலைகொள்ளாத சத்து. அம்மோனியாவாகக் காற்றில் பறக்கும், நைட்ரேட்டாக மாறி ஆயிரம் அடி போர்வெல்லையும் எட்டும். ஊர் புகார் கொடுப்பதெல்லாம் அதன் நாற்றத்தைப் பற்றியும், அதோடு வரும் ஈயைப் பற்றியும்தான். மற்றது பாஸ்பரஸ், வயற்காட்டில் மணிச்சத்து என்று சொல்வது. வாடை கிடையாது, பறக்காது, சிதையாது. இன்று இருக்கும் இடத்தில் இல்லையென்றால் வேறோர் இடத்தில் இருக்கிறது என்று பொருள்.

கோலார் தங்கவயலின் பாலகாட்டில் வளர்ந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுரங்கத்திலிருந்து பாறையை ஏற்றி, அரைத்து, சயனைடு கலந்து தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே கொட்டினார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. சாம்பல் நிறத்துச் சயனைடு மேடுகள் மட்டும் அப்படியே நிற்கின்றன, 3.3 கோடி டன் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. காற்றடித்தால் வீட்டுக்குள் தூள், மழை பெய்தால் சாக்கடையில் சேறு. பாஸ்பரஸும் இப்படித் தோண்டி எடுத்த பாறைதான். மொராக்கோவிலோ ஜோர்டானிலோ, ராஜஸ்தானின் உதய்பூர் பக்கத்து ஜாமர்கோட்ராவிலோ வெட்டியது, உரமாகி, மக்காச்சோளமாகி, தீவனமாகி, கோழியின் வயிறு வழியாக கோலார் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதற்கு ஒரு மேடு எழும்பாததால் யாருக்கும் தெரிவதில்லை.

எவ்வளவு என்று பார்க்கலாம். கணக்கு எளிது. ஒரு முட்டைக்கோழி நாளொன்றுக்கு ஏறக்குறைய 110 கிராம் தீவனம் தின்னும். அதில் பாஸ்பரஸ் அரை சதவீதத்துக்குச் சற்று மேல் என்று வைத்தால் 0.6 கிராம். முட்டைக்குள் போவது 0.1 கிராம். வளர்ந்து முடிந்த கோழி உடம்பில் சேர்த்துக்கொள்வது மிகக் கொஞ்சம். மிச்சம் 0.5 கிராம் அன்றன்றைக்கே கூண்டுக்கடியில் விழுந்துவிடுகிறது. பத்தாயிரம் கோழி உள்ள பண்ணையில் நாளுக்கு 5 கிலோ. ஐம்பது கிலோ டிஏபி மூட்டை ஒன்றில் இருக்கும் தனிப் பாஸ்பரஸ் சுமார் 10 கிலோ. ஆக, நம் கணக்கில் நடுத்தரமான ஒரு பண்ணை இரண்டு நாளுக்கு ஒரு மூட்டை டிஏபியை எருவாகப் போட்டுக்கொண்டே இருக்கிறது. வருடத்துக்கு 180 மூட்டை.

இது கெட்ட செய்தி என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடக் கூடாது. பாஸ்பேட்டுக்குப் பெரும்பாலும் வெளிநாட்டை நம்பியிருக்கிற நாட்டில் 180 மூட்டை உரம் இலவசமாக விழுகிறதென்றால் அது சொத்து. விழுகிற இடம்தான் தொல்லை.

எரு கனமான சரக்கு, விலை குறைந்த சரக்கு. லாரி வாடகை ஒரு தூரத்துக்கு மேல் எருவின் விலையைத் தின்றுவிடும். அதனால் அது பண்ணையைச் சுற்றியே சுற்றுகிறது. தீவனம் அப்படியில்லை. மக்காச்சோளம் தாவணகெரேயிலிருந்து வரலாம், சோயாப் புண்ணாக்கு மத்தியப் பிரதேசத்திலிருந்து வரலாம். முட்டையும் கறிக்கோழியும் பெங்களூருக்கும் சென்னைக்கும் போய்விடும். பல மாவட்டத்து மண்ணிலிருந்து கிளம்பிய பாஸ்பரஸ் ஒரு தாலுக்காவில் இறங்கிக்கொள்கிறது. நாமக்கல்லுக்கும் இதே கதைதான், அளவு மட்டும் பல மடங்கு.

கொல்லையில் நடப்பதையும் பார்த்துவிடலாம். விவசாயி எரு வாங்குவது நைட்ரஜனை மனதில் வைத்து. செடி கருகருவென்று வர வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்பது. பயிர்கள் பொதுவாக ஒரு பங்கு பாஸ்பரஸுக்கு ஆறேழு பங்கு நைட்ரஜன் எடுக்கும். கோழி எருவில் அந்த விகிதம் ஒன்றுக்கு இரண்டோ மூன்றோதான். நைட்ரஜன் தேவைக்கு எருவை அளந்து போட்டாலே பாஸ்பரஸ் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். எட்டு டன் லாரி ஒன்றை ஓர் ஏக்கரில் இறைத்தால், டன்னுக்குப் பத்து கிலோ என்று குறைத்துப் பிடித்தாலும் 80 கிலோ பாஸ்பரஸ். அந்த ஏக்கரில் 25 டன் தக்காளி விளைந்தால் பழத்தோடு வெளியேறுவது ஆறு கிலோ. அடுத்த வருடமும் லாரி வரும். அதற்கு மேல் டிஏபியும் போடுவார்கள், கடைக்காரர் சொன்னார் என்று.

இவ்வளவும் ஏரிக்கா போய்விடுகிறது? இல்லை. இந்த இடத்தில்தான் கோலார் மண் மற்ற ஊர் மண்ணிலிருந்து வேறுபடுகிறது. நம் செம்மண்ணின் சிவப்பு இரும்பு ஆக்சைடின் நிறம். இரும்பும் அலுமினியமும் பாஸ்பேட்டைக் கண்டால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். போட்ட சத்தில் பெரும்பகுதி மேல்மண்ணின் நாலைந்து அங்குலத்துக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே இங்கே பாஸ்பரஸ் ஏரிக்குப் போவதற்கு இரண்டு வழி: ஒன்று, மண் அதைப் பிடிக்கும் முன்பே குவியலிலிருந்து நேராக வடிவது. இரண்டு, மண்ணோடு மண்ணாக அடித்துப் போவது. மேட்டு நிலத்தில் வரப்பு உடைந்து, செந்நீர் ஓடி, ஏரியில் வண்டலாகப் படிகிறதே, அந்த வண்டலின் ஒவ்வொரு துகளும் பாஸ்பரஸ் சுமக்கிற கூலியாள்.

ஏரிக்கு எவ்வளவு போதும் என்பது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். லிட்டருக்கு 0.03 மில்லிகிராம் அளவைத் தாண்டினாலே தேங்கிய நீர் பச்சை பிடிக்கத் தொடங்கும். நாற்பது ஏக்கர் பரப்பும் ஆறடி ஆழமும் உள்ள ஏரியை அந்த நிலைக்குக் கொண்டுவரப் பத்து கிலோ பாஸ்பரஸ் போதும். ஒரே ஒரு டிஏபி மூட்டை. பிறகு பாசி, ஆகாயத்தாமரை, இரவில் உயிர்வளி வற்றி விடியலில் வெள்ளை வயிறு காட்டி மிதக்கும் மீன். பாஸ்பரஸ்தான் இதற்குச் சாவி என்பது ஒரு காலத்தில் சண்டைக்குரிய விஷயமாக இருந்தது. சோப்புத் தூள் கம்பெனிகள் கார்பன்தான் காரணம் என்றன. கனடாவில் டேவிட் ஷிண்ட்லர் என்ற ஆய்வாளர் 1973-இல் 226-ஆம் எண் ஏரியின் இடுப்பில் ஒரு திரையைக் கட்டி இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும், மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார். ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தில் ஒரு பாதி தெளிவாகவும் மறுபாதி குழம்பிப்போன பச்சையாகவும் தெரிந்தது. அந்த ஒரு படம் பல வருட வாதத்தை முடித்துவைத்தது.

இனி, குறைப்பது எப்படி. நான்கைந்து இடங்களில் கை வைக்கலாம். எல்லாம் ஒரே பலன் தராது. எனக்குப் பிடித்தது முதலாவது, தீவனத் தொட்டி.

மக்காச்சோளத்திலும் சோயாவிலும் உள்ள பாஸ்பரஸில் மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்ற பூட்டுக்குள் இருக்கிறது. ஒரு வளையம், அதில் ஆறு பாஸ்பேட். இதைத் திறக்கும் பைட்டேஸ் என்ற நொதி கோழியின் குடலில் போதிய அளவு கிடையாது. தின்றது தின்றபடியே வெளியே போகிறது. எலும்புக்கும் முட்டை ஓட்டுக்கும் பாஸ்பரஸ் பற்றாமல் போகுமே என்று பண்ணைக்காரர் தீவனத்தில் டைகால்சியம் பாஸ்பேட் கலக்கிறார். கோழிக்குள் பூட்டிய பாஸ்பரஸும் போகிறது, காசு கொடுத்து வாங்கியதும் போகிறது. நம் வீட்டுப் பெண்கள் இந்தப் பூட்டை நெடுங்காலமாகத் திறந்துகொண்டிருக்கிறார்கள். கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டினால் தானியத்துக்குள்ளேயே உறங்கும் பைட்டேஸ் விழித்துக்கொள்ளும். இட்லி மாவு புளிக்கும்போது நடப்பதில் அதுவும் ஒன்று. கோழிக்கு யார் மாவாட்டிப் புளிக்க வைப்பது? அந்த வேலையைச் செய்ய ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையிலிருந்து எடுத்த பைட்டேஸ் 1991-இல் நெதர்லாந்தில் விற்பனைக்கு வந்தது. டன் தீவனத்துக்குச் சில நூறு கிராம் தூள் போதும். எருவில் வெளியேறும் பாஸ்பரஸ் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறையும்.

இந்தியத் தீவன ஆலைகளில் இது ஏற்கெனவே பழகிய சரக்கு. சுற்றுச்சூழலுக்காக வாங்கவில்லை, டைகால்சியம் பாஸ்பேட் விலை ஏறியதால் வாங்கினார்கள். முட்டையின் உற்பத்திச் செலவில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தீவனமே விழுங்குகிற தொழிலில் வேறு காரணம் தேவையில்லை. ஆனால் ஒரு ஓட்டை உண்டு. பைட்டேஸ் சேர்த்தால் டைகால்சியத்தைக் குறைக்க வேண்டும். குறைக்காமல், 'எதற்கும் இருக்கட்டும்' என்று பழைய அளவையே போட்டால் எருவில் பாஸ்பரஸ் குறையாது, அதில் நீரில் சுலபமாகக் கரையும் பங்குதான் கூடும். சொந்தமாகத் தீவனம் அரைக்கும் பண்ணைகளில் இந்த 'எதற்கும் இருக்கட்டும்' கிலோக் கணக்கில் இருக்கும். கோழியின் வயதுக்கேற்ப அளவை மாற்றிக் கொடுப்பதும் இதே கதைதான். முட்டை தருவது குறைந்த கோழிக்கு உச்சத்தில் இருக்கும் கோழியின் சாப்பாடு எதற்கு? இதில் ஆலோசனை கேட்க ஆள் இல்லாமல் இல்லை. பெங்களூர் ஆடுகோடியில் கால்நடை உணவூட்டத்துக்கென்றே தேசிய ஆய்வு நிலையம் இருக்கிறது, நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம் இதைச் சட்டமாகவே செய்தது. 1997-இல் பொகோமோக் ஆற்றில் மீன்கள் புண்ணோடு செத்து மிதந்தன. கோழிப் பண்ணைகளின் மீது பழி விழுந்தது. மறு வருடம் வந்த சட்டம் 2000-ஆம் ஆண்டு முடிவதற்குள் கோழித் தீவனத்தில் பைட்டேஸ் கட்டாயம் என்றது. அதோடு விட்டதா என்றால், இல்லை. ஐம்பது வருடம் எரு இறைத்த நிலத்தில் பாஸ்பரஸ் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. 2015-இல் நிலத்துக்கு நிலம் மண்ணைச் சோதித்து, நிரம்பிய நிலத்தில் எரு இறைப்பதைத் தடுக்கும் இன்னொரு விதி கொண்டுவர வேண்டியிருந்தது. வழக்குப் போட்டுத் தீர்க்கலாம் என்று நினைப்பவர்கள் ஓக்லஹோமாவைப் பார்க்கலாம். இல்லினாய் ஆற்றைக் கெடுத்ததாகப் பெரிய கோழி நிறுவனங்கள் மீது 2005-இல் மாநில அரசு வழக்குத் தொடுத்தது. நீதிபதி தீர்ப்பு எழுதியது 2023 ஜனவரியில். பதினெட்டு வருடத்தில் ஆற்றுக்குப் போனது போனதுதான்.

இரண்டாவது இடம் கொட்டகை. ஆழ்கூள முறையில் கறிக்கோழி வளர்க்கும் கொட்டகைகளில் அலுமினியம் சல்பேட்டைக் கூளத்தோடு கலக்கும் முறை ஒன்று உண்டு. கலங்கிய நீரில் படிகாரம் சுற்றுகிறோமே, அதன் உறவுக்காரர். அர்கன்சாவில் பிலிப் மூர் என்பவரும் கூட்டாளிகளும் செய்த சோதனைகளில், இப்படிச் செய்த எருவை இறைத்த நிலத்திலிருந்து ஓடும் நீரில் பாஸ்பரஸ் நான்கில் மூன்று பங்கு வரை குறைந்தது. கொட்டகையில் அம்மோனியாவும் அடங்கியதால் கோழி நன்றாக எடை போட்டது. நல்ல வித்தைதான். ஆனால் மேலே சொன்னபடி நம் செம்மண்ணிலேயே அந்த அலுமினியமும் இரும்பும் இருக்கின்றன. சின்னப் பண்ணைக்காரரிடம் முதல் செலவாக இதைச் சொல்ல எனக்கு மனம் வராது. அந்தக் காசுக்கு எருக் குவியலுக்கு ஒரு தகரக் கூரை போடலாம், தரையை ஓரடி உயர்த்திப் பூசலாம், மேட்டுப் பக்கத்து மழைநீர் கொட்டகைக்குள் வராமல் ஒரு கால்வாய் வெட்டலாம். கண்ணில் பட்ட டிகாக்‌ஷனில் பெரும்பகுதி இதற்கே நின்றுவிடும்.

மூன்றாவதாகச் சொல்லப்படுவது எருவை வேறொன்றாக மாற்றுவது. இதில் மயக்கம் அதிகம். சாண எரிவாயுக் கலன் போட்டால் கழிவுப் பிரச்சினை தீர்ந்தது என்று மேடையில் பேசுகிறார்கள். வாயுவாகப் போவது கார்பன். பாஸ்பரஸ் ஒரு கிராம்கூடக் குறையாமல் கலனிலிருந்து வழியும் குழம்பில் உட்கார்ந்திருக்கும். மட்க வைத்தால் நாற்றமும் கிருமியும் போகும், நல்லதுதான். ஆனால் மட்கும்போது நைட்ரஜன் பறந்து, ஏற்கெனவே கோணலான விகிதம் இன்னும் கோணலாகும். எரித்தால்? நெதர்லாந்தில் மூர்டைக் என்ற இடத்து மின்நிலையம் 2008 முதல் அந்த நாட்டுக் கோழி எருவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை எரிக்கிறது. நைட்ரஜன் போய்விடும், பாஸ்பரஸ் முழுதும் சாம்பலில் நிற்கும். ஆனால் சாம்பல் இலேசு, தூர தேசத்துக்கு உரமாக விற்கலாம். இந்த மாற்றங்களையெல்லாம் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும்: பாஸ்பரஸ் லாரி ஏறி அதிக தூரம் போக இது உதவுகிறதா? காயவைத்து, பொடித்து, உருளைகளாக்கி மூட்டை கட்டினால் உதவுகிறது. வெறும் கலன் உதவவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? நெடுநாள் கோழிப்பண்ணை தொந்தரவில்லாத தொழில் என்றே கருதப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020-இல் அதை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அடுத்த வருடம் புது வழிகாட்டி நெறிகளை வெளியிட்டு, 5,000 கோழிகளுக்கு மேல் உள்ள பண்ணைகளை அனுமதி வளையத்துக்குள் கொண்டுவந்தது. அதன் கவனம் பெரும்பாலும் நாற்றம், ஈ, செத்த கோழி, ஊரிலிருந்து தூரம் ஆகியவற்றின் மீது. அதாவது மூக்குக்குத் தெரிவதன் மீது. மூக்குக்குத் தெரியாததைச் சட்டம் தேடிப் போவது அபூர்வம். இங்கிலாந்து, வேல்ஸ் எல்லையில் ஓடும் வை ஆறு அப்படித்தான் போனது. ஆற்றின் வடிநிலத்தில் இரண்டு கோடிக் கோழிகள் சேரும் வரை பண்ணைக்குப் பண்ணை தனித்தனியாக அனுமதி கொடுத்தார்கள். கூட்டிப் பார்க்க ஒருவரும் இல்லை.

கூட்டிப் பார்ப்பது என்று வந்தபின் கோழியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. 2018 ஜூனிலிருந்து பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீர் கோரமங்கலா, செல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டத்தில் கோலார் ஏரிகளுக்கு வருகிறது. திட்ட அளவு நாளுக்கு 44 கோடி லிட்டர், 126 ஏரிகள். அடுத்த மாதமே நுரை பொங்கியது, உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று வழக்குப் போனது. இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு என்பது பாஸ்பரஸை எடுப்பதற்கென்று அமைந்ததல்ல. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்தான் மிஞ்சுகிறது என்று தாராளமாக வைத்தாலும் முழு அளவு ஓடும்போது நாளுக்கு 440 கிலோ. பத்தாயிரம் கோழி உள்ள பண்ணைகள் 88 சேர்ந்து போடும் எருவுக்குச் சமம், அதுவும் நேராக ஏரிக்குள். வறண்ட மாவட்டத்தில் நிலத்தடி நீர் ஏறியது உண்மை, விவசாயிகள் மகிழ்ந்ததும் உண்மை. கோழிக்காரரிடம் கூரை போடு, கணக்கு வை என்று சொல்லும் அதே வாய் நகரத்திடமும் அதைச் சொல்ல வேண்டும்.

ஓர் ஏரி நிரம்பினால் கோடி வழியாக அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும் நாடு இது. நந்தி மலைப் பக்கம் கிளம்பும் பாலாறு இந்த மாவட்டம் வழியாகப் பேத்தமங்கலம் ஏரிக்கு வருகிறது. தங்கவயலுக்குக் குழாய் போட்டுத் தண்ணீர் வந்தது அந்த ஏரியிலிருந்துதான். அங்கிருந்து ராமசாகரம், குப்பம், வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர். பெரும்பாலான வருடங்களில் மணல்தான் ஓடும். 2021 நவம்பர் மாதிரி ஒரு மழை வந்தால் இங்கே ஏரி அடியில் சேர்ந்ததில் ஒரு பங்கு எல்லை தாண்டிப் போகும். சுரங்கத்துக்கு ஆள் வந்த அதே வட ஆற்காட்டுக்கு.

ஏரிக்குள் சேர்ந்துவிட்டதை என்ன செய்வது என்பது கடைசி இடம், செலவு அதிகமான இடம். உயிர்வளி இல்லாத அடிச்சேற்றில் இரும்பு தன் பிடியைத் தளர்த்தும். வரத்தை நிறுத்தினாலும் சேறு பல வருடம் பாஸ்பரஸைக் கக்கிக்கொண்டிருக்கும். ஸ்வீடனில் ட்ரம்மென் என்ற ஏரியை 1970, 1971-இல் அடிச்சேற்றை உறிஞ்சி எடுத்துத்தான் மீட்டார்கள். உலகம் முழுக்கப் பாடப் புத்தகத்தில் அந்த ஏரி இருக்கிறது. நம் ஊரில் கோடைதோறும் மாட்டு வண்டி ஏரிக்குள் இறங்கி வண்டல் ஏற்றிக் கொல்லையில் கொட்டியதற்குப் பெயர் ஏரி மீட்பு அல்ல, எரு அடிப்பது. ஏரியில் சேர்ந்த பாஸ்பரஸைத் திரும்ப மேட்டுக்கு ஏற்றிய சக்கரம் அது. தமிழ்நாட்டில் 2017-இல் குடிமராமத்தைப் புதுப்பித்தபோது விவசாயிக்கு வண்டல் இலவசம் என்றார்கள். கோலாரில் இரண்டாயிரத்துக்கு மேல் ஏரி இருக்கிறது. நகரக் கழிவுநீர் வராத ஏரிகளின் வண்டலைத் தைரியமாக எடுக்கலாம். வரும் ஏரிகளில் உலோகங்களைச் சோதிக்காமல் கை வைக்கக் கூடாது.

கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கும் சாதனம் ஒன்று ஏற்கெனவே வீட்டுக்கு வீடு போயிருக்கிறது. 2015-இல் தொடங்கிய மண்வள அட்டை. பன்னிரண்டு அளவுகளில் பாஸ்பரஸும் ஒன்று. பேத்தமங்கலம் பக்கம் தெரிந்தவர் வீட்டில் அதைப் பார்த்தேன். நாள்காட்டிக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார், ஓரம் கரையான் தின்றிருந்தது. பாஸ்பரஸ் வரிசையில் 'அதிகம்' என்று கன்னடத்தில் அச்சாகியிருந்தது. திண்ணையில் இரண்டு டிஏபி மூட்டை. வெளியே வரப்போரம் போன வாரத்து லாரிக் குவியல், மேலே ஒரு கோழி ஏறி நின்று கிளறிக்கொண்டிருந்தது. அட்டையை எடுத்துக் காட்டி, இந்த வருடம் இந்தக் குவியலை மேட்டுக் கொல்லைக்கு மாற்றலாமே, அங்கே இதுவரை எருவே போட்டதில்லையே என்றேன். அவர் ஆகாயத்தைப் பார்த்தார். டிராக்டர் வாடகை எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.